முதுமையுற்ற நாயும் அபயதானமும்

இல்லறத்தார்க்குரிய கடமைகளுள் தானம் தலையாயது என்பதை நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என அதனை நான்காக வகுப்பது நம்மவர் வழக்கு. முதல் மூன்றையும் நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். பசித்தவர்க்குச் சோறும், நோயுற்றவர்க்கு மருந்தும், கற்க விழைபவர்க்கு நூலும் கொடுப்பது கண்கூடான செயல்கள். நான்காவதாகிய அபயமோ கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளன்று. "அஞ்சாதே, உனக்கு நான் இருக்கிறேன்" என்று ஓர் உயிர்க்குச் சொல்லுவதும், சொன்ன சொல்லை அதன் இறுதி நாள் வரை காப்பதுமே அபயதானம். ஆதலின் நான்கனுள்ளும் அதுவே அரியது.

ஆதிபுராணம் அருளிய ஜினசேனாசாரியார் கொடையை வகுக்குங்கால், தகுதியுடைய பாத்திரங்களுக்கு அளிக்கும் கொடையினின்றும் வேறாகத் தயாதத்தி என ஒன்றைக் கூறுகிறார். இரங்கத்தக்க உயிர்களின் அச்சத்தை அருளோடு நீக்குவது அது. அங்கே பெறுகின்ற உயிரின் தகுதி ஆராயப்படுவதில்லை. அதன் துன்பமே போதிய தகுதியாகிறது.

இந்தத் தயாதத்திக்கு இக்காலத்தில் நம் வாயிற்படியருகிலேயே ஒரு களம் இருக்கிறது. முதுமையுற்றுக் கைவிடப்பட்ட நாயொன்றை இல்லத்தில் ஏற்று, அதன் எஞ்சிய நாட்களில் அன்புடன் காப்பது ஒரு சிராவகர்க்கு ஏற்ற செயலா? ஏற்றதாயின் அது பற்றின்பாற்படுமா, அருளின்பாற்படுமா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வோம்.

பூட்டும் காவலும்

திண்டுக்கல் என்றவுடன் மலைக்கோட்டையும் பூட்டும் நினைவுக்கு வரும். இவ்வூர்க் கைவினைஞர் செய்யும் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பூட்டுக்குப் பெயர்பெற்ற இச்சமவெளியில் பூட்டுப் போட இயலாத இடங்களே மிகுதி. நத்தம் பக்கத்து மாந்தோப்புக்கும், நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துக்கும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டத்துக்கும், மானாவாரிக் காட்டில் போட்ட ஆட்டுக்கிடைக்கும் என்ன பூட்டுப் போடுவது? அங்கெல்லாம் நாயே பூட்டு. பத்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, இரவெல்லாம் விழித்து, அது ஒரு குடும்பத்தின் விளைச்சலைக் காக்கிறது.

பூட்டுப் பழுதானால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். காவல் நாய் முதுமையுற்றால் எங்கே போகும்? கண் மங்கி, செவி மந்தமாகி, பின்னங்கால் மூட்டு இறுகி, குரைக்க வேண்டிய வேளையில் அது உறங்கிவிடுகிறது. கிடந்த இடத்திலேயே அதற்குச் சோறும் நீரும் வைத்து இறுதி வரை காக்கும் உழவர் பலர் உளர். அவர்கள் அறம் வாழ்க. ஆயினும் வண்டியில் ஏற்றித் திரும்பி வர இயலாத தொலைவில், சந்தையருகிலோ பேருந்து நிலையத்திலோ நான்குவழிச் சாலையோரத்திலோ இறக்கிவிட்டு வருபவரும் இருக்கின்றனர். நகரத்து வீடுகளிலும் இதே நிலைதான். பெருவிலை கொடுத்து வாங்கிய உயரின நாய், வீடு மாறும்போதும் மருத்துவச் செலவு மிகும்போதும் சுமையாகத் தோன்றிவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த நாய் முதுமையில் தெருவை முதன்முறையாகக் காண்கிறது. அங்கே உணவுக்கடைகளின் பின்புறத்தை முன்பே தம் எல்லையாக்கிக்கொண்ட நாய்கள் அதனை நெருங்கவும் விடா.

தெருவிலேயே பிறக்கும் குட்டிகளுள் முதுமை காண்பவை மிகச் சில. மேற்கு வங்கத்தில் தெருநாய்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவியலார், பிறக்கும் குட்டிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே ஏழாம் மாதத்தை எட்டுகிறது எனக் கண்டனர். ஆகவே தெருவில் ஒரு கிழநாயைக் காணும்போது, அது ஒரு காலத்தில் யாரோ ஒருவர் சோறிட்டு வளர்த்த நாயாக இருத்தல் கூடும் என்று எண்ண இடமுண்டு. அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அப்பெயரைச் சொல்லி அழைக்க இப்போது யாருமில்லை.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை செய்யும் குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. சட்டம் தொட்டுக் காட்டிவிட்டு நிற்கும் இடத்திலிருந்து அறம் தொடங்க வேண்டியிருக்கிறது.

சீவகன் செவியில் ஓதியது

நம் இலக்கியத்தில் நாய்க்கு அருள்செய்த காட்சி ஒன்று உண்டு. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டிய நாயொன்று அடியுண்டு குற்றுயிராய்க் கிடக்கிறது. அவ்வழி வந்த சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அதைக் கேட்டவாறே உயிர்நீத்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் புகுந்தபோது அத்தேவனே வந்து அவனை மீட்டுச் செல்கிறான்.

இக்கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் மந்திரத்தின் பெருமையையும் சுதஞ்சணனின் நன்றியையுமே போற்றுகிறோம். சீவகன் அந்நேரத்தில் செய்ததன் இயல்பையும் நோக்குதல் வேண்டும். அந்த நாய் அவனுடையதன்று. அதனால் அவனுக்கு இனி ஆகவேண்டிய பயன் ஏதுமில்லை. அதன் உயிரை மீட்கவும் அவனால் இயலவில்லை. மீட்க இயலாத இடத்திலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு என்று அவன் அறிந்திருந்தான். இறக்கும் உயிர் தனித்து இறவாமல் அருகே இருந்தான். தேவனின் கைம்மாறு பின்னர் வந்தது. அருள் அதற்கு முன்பே முழுமையடைந்துவிட்டது.

பார்சுவநாத பகவானின் வரலாற்றிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. தாபதன் ஒருவன் எரித்த கட்டையினுள் வெந்துகொண்டிருந்த பாம்பிணைக்கு இளவரசராகிய அவர் அருள்செய்ய, அவை தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தன என்பது வரலாறு. அப்பெருமானின் திருவுருவம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனி வட்டத்து ஐவர்மலைப் பாறையில் இருக்கிறது. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் ஆட்சியின்போது பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டொன்று, குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் அங்கிருந்த பார்சுவபடாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கிய செய்தியைத் தெரிவிக்கிறது. பழையதாகித் தேய்ந்த ஒன்றைக் கைவிடாமல் புதுக்குதல் அறம் என்று கருதி அதனைக் கல்லில் வெட்டிவைத்த முன்னோர் வாழ்ந்த சமவெளி இது. கல்லால் ஆன உருவத்துக்கே அத்துணைப் பரிவு உரியதாயின், உயிருள்ள உடல் தேயும்போது அதற்கு எவ்வளவு உரியது!

ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுப்பது நம் ஆகமம். நாய் ஐம்பொறிகளும் மனமும் உடைய விலங்கு. மனமுடைய ஐம்பொறி விலங்குகள் அணுவிரதம் ஏற்கவும் வல்லன என்பது நம் சித்தாந்தம். பகவான் மகாவீரர் முற்பிறப்பொன்றில் சிங்கமாக இருந்து, சாரண முனிவரின் உபதேசம் கேட்டு விரதம் பூண்ட செய்தியை நாம் அறிவோம். இத்தகைய உயிரொன்று முதுமையில் தன் பொறிகளை ஒவ்வொன்றாக இழக்கிறது. கண் மங்குகிறது, பின்பு செவி மந்தமாகிறது. மோப்பம் பெரும்பாலும் நெடுநாள் எஞ்சி நிற்கிறது. முதுமை உடலுக்கு உரியது. உள்ளிருக்கும் உயிர்க்கு முதுமை இல்லை. நற்காட்சியுடையோர் நாயின் வயதைப் பார்க்கும்போது இதனையும் சேர்த்தே பார்ப்பர்.

எறியும் சோறும் ஏற்கும் பொறுப்பும்

நாய்க்கு இரங்குதல் நம் மரபுக்குப் புதிதன்று. பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுமாறு பிறந்த ஆணையை எதிர்த்து 1832ஆம் ஆண்டில் பார்சியர் தொடங்கிய கிளர்ச்சி பெரிதாக மூண்டது. அதன் பின்னர் 1834ஆம் ஆண்டில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வள்ளலும் சமண வணிகரும் முன்னின்று அங்கே பிஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். சென்னை அயனாவரத்துப் பிஞ்சராப்போல் 1906ஆம் ஆண்டில் தோன்றியது. 1959இல் சென்னையில் தோன்றிய புளூகிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை 1964 முதலே மேற்கொண்டது. சென்னை மாநகராட்சி 1996ஆம் ஆண்டில்தான் அவ்வழிக்கு வந்தது.

ஆயினும் நம் சமூகத்தை மிகவும் கலங்கச் செய்த விவாதம் 1926ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. சமணக் குடும்பத்தில் பிறந்த ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த ஏறத்தாழ 60 நாய்களைக் கொல்லச் செய்தார். ஜீவதயைச் சங்கத்தார் கொதித்தெழுந்து காந்தியடிகளின் கருத்தைக் கேட்டனர். அவர் அச்செயலைக் கண்டிக்கவில்லை. வேறு வழியில்லாதபோது அது குறைந்த பாவம் என்றே 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து எழுதினார். நம்மவர் அதனை ஏற்கவில்லை. கொலையைக் குறைந்த பாவம் எனக் கணக்கிடும் வழியைக் கொல்லாமை விரதமுடையோர் இன்றும் ஏற்பதற்கில்லை.

ஆனால் அதே கட்டுரைகளில் அவர் வைத்த மற்றொரு வாதம் நம் நெஞ்சைத் தைப்பது. நாய்கள் தாமாகத் தெருவில் முளைப்பதில்லை. உடையவர் இல்லாத நாய் சமூகத்தின் கவனக்குறைவுக்குச் சான்று. போகிற போக்கில் ஒரு துண்டு உணவை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடுவது அருளாகாது. உண்மையில் இரக்கமுள்ளவர் நாயைத் தமதாக ஏற்றுக் காக்கட்டும், அல்லது காப்பவர்க்குப் பொருள் தரட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். கொலைக்கு அவர் கண்ட நியாயத்தை நாம் மறுக்கலாம். ஆனால் மறுப்பவர் மீது அவ்வாதம் ஒரு கடனைச் சுமத்துகிறது. "கொல்லாதீர்" என்று சொல்பவர், "அப்படியாயின் இதனை யார் காப்பது?" என்னும் வினாவுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

அவ்வினா மீண்டும் எழுந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22இல் உச்ச நீதிமன்றம், பிடிக்கப்படும் தெருநாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் கூறியது. அவ்வாண்டு நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பிடங்களில் வைக்குமாறு ஆணையிட்டது. வெறிநாய்க்கடியால் குழந்தைகளை இழந்த பெற்றோரின் துயரம் பொய்யன்று; அவர்களும் நம் அருளுக்கு உரியோர். காப்பிடங்களில் குட்டிகளைத் தேடி வருவோர் இருப்பர். கிழநாய்களைத் தேடி வருவோர் யார்? ஒரு கிழநாயைத் தடுப்பூசியிட்டு வீட்டினுள் ஏற்கும் குடும்பம், நாயின் அச்சத்தையும் தெருவின் அச்சத்தையும் ஒருங்கே சிறிது குறைக்கிறது. இருபாலார்க்கும் அபயம் தரும் செயல் இதைவிட வேறென்ன?

பற்றா, அருளா?

இங்கே நம்மவர் எழுப்பத்தக்க தடைகள் மூன்று. அவற்றை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

முதல் தடை: புறப் பரிக்கிரகங்களை எண்ணும் பட்டியலில் நிலம், மனை, தனம், தானியம் ஆகியவற்றோடு நாற்கால் விலங்கும் இடம்பெறுகிறது. ஆகவே நாய் வளர்த்தல் பொருள் பெருக்குதலாகாதா? ஆகும், அதனைப் பொருளாகக் கொண்டால். இனமும் நிறமும் தேர்ந்து, விலைபேசி வாங்கி, பிறர் வியக்கக் காட்டி மகிழ்வோர்க்கு நாய் ஒரு உடைமையே. முதுமையுற்ற நாயை ஏற்பவர் எதனைப் பெருக்கிக்கொள்கிறார்? காவல் கிடைக்காது, விளையாட்டு இல்லை, குட்டி ஈட்டிப் பொருள் காண்பதும் இல்லை. அவர் செலவழிப்பது பொருள், உறக்கம், நேரம் ஆகிய மூன்றையும். உடைமையைக் கூட்டுவதற்கு இவ்வளவு பயனற்ற வழியை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார்.

இரண்டாம் தடை: நாய் ஊனுண்ணும் விலங்காயிற்றே, புலால் புகாத அடுக்களையில் அதற்கு என்ன இடம்? கொன்று தின்னும் விலங்குகளை வளர்த்தல் பற்றி நம் ஆன்றோர் எச்சரித்தது, வேட்டைக்கும் வாணிகத்துக்கும் அவற்றைப் பேணுவோரை நோக்கி என்றே கொள்ளத்தகும். அன்றியும் நாய் ஓநாயினின்று நெடுந்தொலைவு வந்துவிட்டது. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு பெருகியிருப்பதை 'நேச்சர்' இதழில் 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மனிதன் உழுது விளைத்த தானியத்தை உண்டு அவனோடு வாழப் பழகிய உயிர் அது. சோறு, பருப்பு, வேகவைத்த காய், கேழ்வரகு ஆகியவற்றைப் பெரும்பாலான நாய்கள் விரும்பி உண்ணும். எனினும் மரக்கறி உணவு மட்டுமே தருவதாயின் புரதமும் பிற சத்துகளும் குறையாதிருக்கக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நம் விரதத்தின் சுமையை வாய்பேசா உயிர் தன் உடல்நலத்தால் சுமக்கும்படி விடலாகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைப்பவை. அவற்றை விலக்கிய நம் இல்லங்களில் அவ்வகையில் அதற்கு இடர் குறைவு. திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

மூன்றாம் தடையே ஆழமானது. நாயை நேசிப்பது ராகம். ராகம் வினைக்கட்டுக்கு ஏது. பேரப்பிள்ளை மீதுள்ள பற்றையே குறைக்க வேண்டிய வயதில் புதியதொரு பற்றைத் தேடிக்கொள்வதா?

திருக்குறளின் அமைப்பு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அன்புடைமை இல்லறவியலில் எட்டாம் அதிகாரமாக நிற்கிறது. அருளுடைமை துறவறவியலில் இருபத்தைந்தாம் அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. அன்பு தொடர்புடையார் மீது செல்வது. அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மீதும் செல்வது. அன்பில் முதிர்ந்தே அருள் பிறக்க வேண்டும் என்பதே அவ்வைப்புமுறையின் குறிப்பு. இல்லறத்தான் ஒரே தாவலில் எல்லா உயிர்க்கும் அருளாளன் ஆகிவிடுவதில்லை. தன் குடும்பத்திலிருந்து ஓர் அடி வெளியே வைத்துப் பழக வேண்டும். தன் குருதியல்லாத, தன் இனமல்லாத, தன் மொழி அறியாத, தனக்குப் பயன்படாத ஓர் உயிரிடம் அன்பு செல்லுமாயின், அது அருளை நோக்கி வைத்த முதல் அடியாகும்.

பற்றுக்கும் அருளுக்கும் வேறுபாடு காண ஓர் உரைகல்லும் உண்டு. "இது எனக்கு என்ன தரும்?" என்று கேட்பது பற்று. "இதற்கு என்ன தேவை?" என்று கேட்பது அருள். குட்டி நாயிடம் இவ்விரண்டும் கலந்து நிற்பதால் நம் உள்ளத்தை நாமே அறிய இயலாது. கிழநாயிடம் முதல் வினாவுக்கு இடமே இல்லை. அதனோடு ஈராண்டோ, ஓராண்டோ, ஆறு திங்களோதான் வாழப்போகிறோம் என்பது முதல் நாளே தெரியும். பிரிவை முன்னரே ஒப்புக்கொண்டு தொடங்கும் நேசத்தில் அநித்திய பாவனை நாள்தோறும் நடைபெறுகிறது. நிலையாமையைச் சிந்திக்கும் பன்னிரு பாவனைகளுள் முதலாவதை இதைவிட அருகிலிருந்து கற்பிக்கும் ஆசிரியர் வீட்டினுள் வேறு யார்?

ஐந்து குற்றங்களும் அன்றாடக் கடமையும்

சமந்தபத்திராசாரியார் இரத்தின கரண்டகத்தில் கொல்லாமை அணுவிரதத்துக்கு வரும் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறார். உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், அடித்துத் துன்புறுத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவு தடுத்தல் என்பன அவை. அந்நூலை அடியொற்றிய அருங்கலச்செப்பின் வாயிலாக நம் குடும்பங்களில் பலரும் இவற்றை அறிவர். ஓர் உயிரைக் கொல்லாமலே விரதத்தில் மாசு படியக்கூடும் என்பது இதன் உட்பொருள். நாயை ஏற்கும் குடும்பத்துக்கு இவ்வைந்தும் நல்ல வழிகாட்டி.

இருபத்துநான்கு மணி நேரமும் சங்கிலியில் கட்டுதல் கட்டுக்குற்றம். வீட்டின் ஒரு மூலையில் அடைப்புச் செய்து, மூட்டு நோவுக்கு இதமாகத் தடித்த விரிப்பிட்டு வைத்தலே தக்கது. வழுக்கும் தரையில் கோணியோ தேங்காய்நார்ப் பாயோ விரித்தால் கிழநாய் விழாது நடக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நடக்கவைத்தல் அடிப்பதற்கு ஒப்பாகும்; காலையும் மாலையும் மெல்ல, அது நிற்குமிடத்தில் நின்று, நடத்திச் செல்க. காது மந்தமான நாய் அழைத்தால் வாராது. அதனை அடங்காமை என எண்ணி அதட்டுதல் தகாது. உறங்கும்போது திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கடிக்கவும் கூடும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். இரவுண்ணா நோன்புடைய வீட்டில் அதற்கும் கதிரவன் மறையுமுன் உணவிடலாம். ஒரே வேளையில் மிகுதியாக இடாமல் இருவேளை சிறிது சிறிதாக இடுதல் முதிய வயிற்றுக்கு நன்று. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

சிறிய இன நாய்கள் பத்து வயதுக்கு மேலும், பெரிய இன நாய்கள் ஆறு ஏழு வயதிலுமே முதுமை எய்துகின்றன. ஏற்றவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பல், கண், சிறுநீரகம், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றைச் சோதித்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இடச்செய்க. நாம் உண்ணும் பாராசிட்டமால் முதலிய வலி மாத்திரைகள் நாய்க்குத் தீங்கு செய்யும். மருத்துவர் சொல்லாமல் எதனையும் தரலாகாது. எவரையேனும் கடித்துவிட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

புதிய வீட்டுக்கு வந்த கிழநாய் முதல் சில வாரங்கள் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும், உண்ணவும் தயங்கும். கைவிடப்பட்ட உயிர் நம்பிக்கையை மீட்டெடுக்கக் காலம் வேண்டும். ஒரு நாள் அது தானாக எழுந்து வந்து நம் காலடியில் படுக்கும். அபயதானம் சென்று சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று.

இறுதி நாளின் வினா

தீரா நோயால் துன்புறும் நாயை ஊசியிட்டு உயிர்போக்குதல் தகுமா என்னும் வினா இவ்வழியில் செல்வோர் அனைவரும் எதிர்கொள்வது. சபர்மதி ஆசிரமத்தில் நோயால் துடித்த கன்று ஒன்றுக்குக் காந்தியடிகள் 1928ஆம் ஆண்டில் அவ்வாறு ஊசியிடச் செய்தபோது, நம் சமூகத்தாரிடமிருந்து கடும் கண்டனம் எழுந்தது. அவ்வுயிர்க்கு வாழும் விருப்பம் இல்லை என்று நம்மால் அறிய இயலாது. அதன் வினைப்பயனை இடையில் அறுக்கவும் நமக்கு உரிமையில்லை என்பது நம் சமயத்தின் நிலை. இக்கட்டுரையும் அந்நிலையையே ஏற்கிறது.

ஆனால் அந்நிலையை ஏற்போர் அதன் விலையையும் ஏற்க வேண்டும். "நாங்கள் கொல்லமாட்டோம்" என்று சொல்லி, கொல்லைப்புறத்தில் துடிக்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது விரதமாகாது. இன்று கால்நடை மருத்துவத்தில் வலியைத் தணிக்கும் வழிகள் பல உள்ளன. அவற்றை இறுதி வரை தரவேண்டும். படுக்கைப்புண் வாராமல் புரட்டிவிடுதல், நனைந்த விரிப்பை மாற்றுதல், நாவை நீரால் நனைத்தல் ஆகியவை வேண்டும். அது உணவை மறுக்கும் வேளையில் வலிந்து திணிக்கவும் வேண்டா. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். கொல்லாமை எத்துணை உழைப்பைக் கேட்கும் அறம் என்பது அந்த இரவுகளில்தான் விளங்கும். சீவகனால் செய்ய முடிந்தது நம்மாலும் முடியும்: பஞ்ச மந்திரத்தை அதன் செவியில் மெல்ல ஓதலாம். செவி கேளாததாயினும் ஓதுபவரின் கை அதன் தலைமேல் இருக்கும்.

இல்லம் பெறும் பயன்

எல்லாராலும் ஒரு நாயை ஏற்க இயலாது. வாடகை வீட்டில் இருப்போர், நோயாளிகளைப் பேணுவோர், பணிநிமித்தம் வடமாவட்டங்களிலிருந்து வந்து ஊர்விட்டு ஊர் மாறுவோர் ஆகியோரின் நிலை வேறு. அவர்கள் ஒரு கிழநாயின் மருத்துவச் செலவை ஏற்கலாம். தம் தெருவில் உள்ள நாய்க்குத் தடுப்பூசி இடச்செய்யலாம். தம் தோட்டத்துக் காவல் நாயைக் கைவிடாதிருக்கலாம். கடைசியாகச் சொன்னது செலவற்றது. அதனைச் செய்தாலே தெருவில் கிழநாய்கள் குறையும்.

ஏற்கும் குடும்பம் பெறும் பயன் ஒன்றைக் கூறி முடிக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் காண்பவை அவர்கள் நெஞ்சில் பதியும். குரைக்காத, ஓடாத, எதற்கும் உதவாத ஒரு நாய்க்குத் தந்தையார் விரிப்பை மாற்றுகிறார். தாயார் சோற்றை மசித்துக் கொடுக்கிறார். உழைக்க முடிந்தவரைதான் ஓர் உயிர்க்கு இவ்வீட்டில் இடம் என்ற எண்ணம் அப்பிள்ளைகளிடம் வேர்கொள்ளாது. அதே வீட்டின் திண்ணையில், கண் மங்கிச் செவி மந்தமான பாட்டனாரும் பாட்டியாரும் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருப்பர். அவர்களிடம் எவரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. நாய்க்குத் தந்த அபயம் அவர்கள் செவியிலும் விழும்.

உயிர்கள் அனைத்தும் அச்சமின்றி வாழ்க! அருகன் அறம் வளர்க!